உடன் சென்றவர்

அத்தானை நினைத்தால் அவருடைய வெள்ளைக் கான்வஸ் சப்பாத்துகள்தான் முதலில் கண்ணில் நிற்கும். அன்புவழிபுரத்தில் அக்கா வீட்டு மதிலின் மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவை மூக்கை வானத்துக்குக் காட்டியபடி காய்ந்துகொண்டிருக்கும். அடி ரப்பரை அவர் பழைய சவர அலகால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்திருப்பார். கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில் ஏறும்போது கால் வழுக்கக்கூடாது என்பதற்காக அப்படி. அக்கா அவற்றைத் தோய்த்துப் போடும்போதெல்லாம், "கலியாண வீட்டுக்குப் போடுற சப்பாத்தை இந்த மனிசன் ஒரு நாளும் இப்பிடிப் பார்த்ததில்லை" என்று சொல்லாமல் விடமாட்டாள். அத்தான் கதிரையில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டு, "கலியாண வீட்டில வழுக்கி விழுந்தால் நாலு பேர் தூக்கிவிடுவினம்" என்பார். அவர் பகிடி விடுவது அந்த அளவுதான். அதற்கு மேல் அவரைப் பேசவைக்க ஆள் வைத்துக் கேட்க வேண்டும்.

அத்தான் என்று நான் சொல்வது என் மூத்த அக்காவின் கணவரை. பதினொரு வருடம் வெளிநாட்டுக் கப்பல்களில் அதிகாரியாக ஓடியவர். முறையாகப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுத்தவர். சண்டை தொடங்கி, ஊர் இரண்டு தரம் இடம்பெயர்ந்து, அக்கா இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்தாள் என்ற கடிதம் ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில் கைக்குக் கிடைத்ததும், அடுத்த கப்பலுக்கு ஒப்பமிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு எங்கள் துறைமுகக் கந்தோரில் உதவி அலுவலராகச் சேர்ந்தார். அதே கந்தோரில் நான் அதற்கு ஐந்து வருடம் முன்பிருந்தே எழுதுவினைஞர். கலியாணம் கட்டாமல் அக்கா வீட்டில்தான் இருந்தேன். காலையில் அத்தானின் சைக்கிள் முன்னால் போகும், என்னுடையது பின்னால் போகும்.

அவர் வந்தது உதவி அலுவலராக இருப்பதற்கல்ல, பைலட் ஆவதற்கு. துறைமுகத்தில் பைலட் என்றால் வெளியிலிருந்து வரும் கப்பலில் ஏறி, அதன் கப்டனுக்குப் பக்கத்தில் நின்று, கப்பலை உள்ளே கொண்டுவந்து துறையில் கட்டிக் கொடுப்பவர். எங்கள் துறைமுகம் ஆழமானது, அழகானது என்று பாடப் புத்தகத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஆழத்துக்கு நடுவே பாறையும் இருக்கிறது என்று எழுதவில்லை. அது எங்கே இருக்கிறது, கச்சான் காற்று அடிக்கும்போது கப்பலின் பின்பக்கம் எந்தப் பக்கம் தள்ளப்படும் என்பதெல்லாம் பைலட்டுக்குத்தான் தெரியும். உலகம் சுற்றி வந்த கப்டனும் அந்த ஒரு மணி நேரம் பைலட்டின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்போது கந்தோரில் ஐந்து பைலட்டுகள். ஐந்து பேரும் சிங்களவர்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை, வேலை தெரிந்தவர்கள். ஆனால் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊரில், கப்பலில் ஏறுகிறவர்கள் மட்டும் ஒரே வகையாக இருந்தார்கள். வெற்றிட அறிவித்தல் வரும்போது இன, மத பேதமின்றி விண்ணப்பிக்கலாம் என்று மூன்று மொழியிலும் போட்டிருக்கும். அதைத் தட்டச்சில் அடித்தவள் நான்தான். தமிழ் எழுத்தில் பிழை இல்லாமல் அடித்துக் கொடுப்பேன். விண்ணப்பம் போட்ட தமிழரின் கோவை, பாதுகாப்பு அனுமதி வரவேண்டும் என்று ஒரு மேசையில் ஏறினால் அங்கேயே குடியிருக்கும்.

ஐவரிலும் மூத்தவரை எல்லாரும் பெரிய பைலட் என்போம். தெற்கே காலிப் பக்கத்து மனிதர். பெரிய வயிறு, நோகிற முழங்கால், வாய் நிறையச் சிரிப்பு. அத்தானை முதல் கிழமையிலேயே அவருக்குப் பிடித்துவிட்டது. ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தச் சொல் இரண்டு மொழியிலும் இருப்பதால் யாருக்கும் வேறு சொல் தேடவேண்டியிருக்கவில்லை. பைலட் படகின் சுக்கான் பிடிப்பவர் கிண்ணியா முஸ்லிம் ஆள், அண்ணன் என்ற முறையில் எங்களுக்கெல்லாம் நானா. காலையில் மூவரும் படகில் ஒரே பிளாஸ்கில் பிளேன்டீ குடித்துக்கொண்டு, கப்பல்கள் உள்ளே வரும் வாய்க்காலுக்கு வெளியே போவார்கள். திரும்பி வந்ததும் நானா என் யன்னலுக்குக் கீழே நின்று, "தங்கச்சி, உங்கட அத்தான்ட சொல்லுக் கேட்டுக் கப்பல் ஆட்டுக்குட்டி மாதிரி வருது" என்று சத்தம் போடுவார்.

பைலட் ஆவதற்கு ஒரு வழிமுறை இருந்தது. சான்றிதழ் உள்ளவர் முதலில் பைலட்டுடன் இரண்டாம் ஆளாகக் கப்பல்களில் ஏறவேண்டும். பார்த்துப் பழகவேண்டும். பிறகு பைலட் பக்கத்தில் நிற்க, தானே கட்டளை கொடுத்துக் கப்பலைக் கொண்டுவரவேண்டும். அப்படிப் போதிய அளவு கப்பல்கள் ஏறிய பிறகுதான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். கப்பல் கட்டி முடிந்ததும் அதன் கப்டன் ஒரு சிட்டையில் ஒப்பமிடுவார். சிட்டையின் பின்பக்கத்தில் உடன் வந்தவரின் பெயரைப் பெரிய பைலட் பென்சிலால் எழுதி என்னிடம் தருவார். நான் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றியதும் சிட்டை கொழும்புக்குப் போய்விடும், திரும்பி வராது. கப்பலின் பெயர், வந்த நேரம், கட்டிய துறை, பைலட்டின் பெயர் எல்லாம் எழுதிக் கடைசியில் ஒரு நிரல், உடன் சென்றவர். மாதக் கடைசியில் பெரிய பைலட் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒப்பமிடுவார். வாசிக்கமாட்டார். "நீங்கள் எழுதினால் சரிதானே" என்பார். அத்தானும் அந்தப் புத்தகத்தை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. மச்சாளின் கையெழுத்தை எவன் போய்ச் சோதிப்பான்?

முதல் இரண்டு மாதம் அத்தானின் பெயரை முழுசாக, தலைப்பெழுத்தோடு எழுதினேன். அதற்குப் பிறகுதான் எங்கள் களஞ்சியப் பொறுப்பாளரைப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். கந்தோரில் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தவர், ஆணி கேட்டாலும் மூன்று தாளில் ஒப்பம் வாங்குகிற மனிதர். துறைமுகப் பக்கம் ஒரு குண்டு வெடித்த நாளில் வாசல் புத்தகத்தில் அவருடைய பெயர் இருந்தது. வேலை நேரத்தில் வாசலால் வெளியே போய்வந்த தமிழ்ப் பெயர் அன்றைக்கு அது ஒன்றுதான். எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகு அவர் எங்கேயும் ஒப்பம் போடமாட்டார். சம்பளத் தாளில் ஒப்பமிடவும் அவருடைய கையைப் பிடித்துக் கெஞ்சவேண்டியிருந்தது.

என்னுடைய பதிவேட்டின் பிரதி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படைமுகாமுக்குப் போகும். அதுதான் விதி. எந்தக் கப்பல் எப்போது வந்தது, யார் ஏறினார்கள் என்று அங்கே ஒருவர் குந்தியிருந்து வாசிப்பார். அவரைப் பிடித்துக்கொண்டு போனபின் வந்த வெள்ளிக்கிழமை பிரதி எடுக்கும்போது, ஒரே பக்கத்தில் ஆறு தரம் அத்தானின் பெயர் இருப்பதைப் பார்த்தேன். பக்கம் முழுவதும் சிங்களப் பெயர்களுக்குள் அது ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. நாளைக்கு ஒரு கப்பலுக்கு ஏதும் நடந்தால் விரல் எங்கே வந்து நிற்கும் என்பதற்கு எனக்குச் சோதிடம் தேவைப்படவில்லை. அக்கா, பிள்ளைகள், கோயில் மண்டபம் எல்லாம் ஒருமுறை கண்ணுக்கு முன்னால் வந்துபோயின. அடுத்த கப்பலுக்கு, உடன் சென்றவர் என்ற நிரலில் ஒரு சின்னக் கோடு இழுத்தேன். அதற்கடுத்த கப்பலுக்கும் ஒரு கோடு.

யாரிடமும் கேட்கவில்லை. அத்தானிடம் கேட்டால் வேண்டாம் என்பார், பெரிய பைலட்டிடம் கேட்டால் மனம் நோவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், என்னைப் பற்றிய பயமும் அதற்குள் இருந்திருக்கிறது. அக்காவின் புருசனுடைய பெயரைப் பக்கம் பக்கமாக எழுதிய கை யாருடையது என்று கேட்டால் நான்தானே எழும்பி நிற்கவேண்டும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் என்னால் ஏலாது. பிறகொரு நாள் நிலைமை சரியாகும், அப்போது எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாவற்றையும் அந்த நாளுக்குத்தான் தள்ளிப்போட்டோம்.

ஒரு நாளை மட்டும் சொல்லவேண்டும். ஆனி மாதத்துக் கச்சான், யன்னல் கதவுகளைப் பிடுங்கிக்கொண்டு போவதுபோல் அடித்தது. சீமெந்துக் கப்பலொன்று, பெரியது, வெளியே நின்றுகொண்டிருந்தது. பெரிய பைலட்டுக்கு முழங்கால் வீங்கியிருந்தும் ஏணியில் ஏறினார். ஏறியவர் மேலே ஒரு கதிரையில் இருந்துவிட்டார். அன்றைக்கு அந்தக் கப்பலை வாய்க்காலால் உள்ளே கொண்டுவந்து, காற்று ஒரு பக்கம் தள்ளத் தள்ள, துறையில் ஒரு கீறல் இல்லாமல் கட்டியவர் அத்தான். நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு யன்னலில் நின்று பார்த்தோம். நொண்டிக்கொண்டு வந்த பெரிய பைலட் சிட்டையை என் மேசையில் வைத்து, "இண்டைக்கு நான் தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சது. கப்பலைக் கொண்டுவந்தது அவர். வடிவா எழுதுங்க" என்றார். அவர் போகும்வரை பேனையைத் திறக்காமல் இருந்தேன். பிறகு கோடு இழுத்தேன்.

இரண்டாம் வருடத்தில் தெற்கிலிருந்து ஓர் இளம் சிங்கள அதிகாரி அதே வேலைக்கு வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளை, ஒருவரையும் அலட்சியம் பண்ணாதவர். அவரும் இரண்டாம் ஆளாகக் கப்பல்களில் ஏறத் தொடங்கினார். அவருடைய பெயரை எழுதும்போது எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. தலைப்பெழுத்து இரண்டோடு, குண்டு குண்டாக, ஒன்றுவிடாமல் எழுதினேன். அந்தப் பெயரை வெள்ளிக்கிழமை வாசிக்கிறவர் வாசித்துவிட்டுப் போகட்டும், அதனால் அவருக்கு என்ன ஆகப்போகிறது? அத்தானின் பெயருக்கும் அவருடைய பெயருக்கும் நான் வைத்த அந்த வித்தியாசத்துக்கு ஒரு சட்டமும் இல்லை, சுற்றறிக்கையும் இல்லை. ஒருவரும் சொல்லாமல் நானே வைத்தேன்.

மூன்றாம் வருடம் ஒரு பைலட் ஓய்வு பெற்றார். ஒரு வெற்றிடம் வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள், அத்தானுக்கு நாற்பத்துநான்கு. இதை விட்டால் இனி இல்லை என்பது வீட்டில் பிள்ளைகளுக்கும் தெரியும். எந்தச் சாமி கண் திறந்ததோ, பெரிய பைலட் இரண்டு தரம் கொழும்புக்குப் போய் நின்று, கட்டிலில் கிடந்த நோயாளிபோலக் கிடந்த அத்தானின் பாதுகாப்பு அனுமதியை எழுப்பிக் கையோடு கொண்டுவந்தார். அன்றைக்கு அக்கா பாயாசம் காய்ச்சினாள். அத்தான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "அந்த மனிசன் எனக்காக முழங்காலோட மாடிப்படி ஏறி இறங்கினவர்" என்றார். இனிமேல் ஒன்றுமில்லை, நேர்முகம் பேருக்குத்தான் என்று எல்லாரும் நம்பினோம். நானும் பாயாசம் குடித்தேன். புத்தகத்தின் நினைப்பு வந்ததுதான். கண்ணுக்கு முன்னால் கப்பல் கொண்டுவந்தவரைப் பற்றிப் புத்தகத்தைப் பார்த்தா அறியப்போகிறார்கள் என்று அதைத் தள்ளிவிட்டேன்.

நேர்முகத்துக்குக் கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தமிழர். தலைவராக இருந்தவர் வெள்ளைத் தலைமயிரும் நிதானமான பேச்சுமாக இருந்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பின்னால் கோவைகளைக் கொண்டுபோய் வைத்தபோது மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார், இந்த ஊரில் எங்களைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று தெரியும், ஆகவே ஆளையும் பார்க்கவேண்டாம், பேரையும் பார்க்கவேண்டாம், பதிவில் இருப்பதை மட்டும் பார்ப்போம் என்று. அநியாயம் செய்ய வந்தவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். வந்தவர் நியாயமானவராக இருந்தார்.

பதினொரு மணிக்குப் பியோன் வந்து, "அக்கா, பதிவேட்டைக் கொண்டு வரட்டாம்" என்றான். அத்தான் வெளியே விறாந்தையில் மர வாங்கில் இருந்தார். கழுத்துப் பட்டி கட்டியிருந்தார், கலியாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவரை அதில் பார்த்தேன். புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துத் திறந்தேன். பேனையும் கையில் எடுத்தேன். எழுதினால் இரண்டு வருடத்துக் கோடுகளின் மேல் ஒரே நாள் மை ஒளிரும். அது கள்ளப் பதிவு என்றாகி, அவரையும் என்னையும் சேர்த்தே முடித்துவிடும். பேனையை மூடிவிட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன். "நல்ல பாரமோ?" என்று கேட்டுச் சிரித்தார். ஓம் என்றேன்.

உள்ளே, கருத்துக் கேட்கக் கூப்பிட்டிருந்த பெரிய பைலட் பேசிக்கொண்டிருந்தார். இவரைப் போல ஓர் ஆள் எனக்குப் பிறகு இந்தத் துறைமுகத்துக்குக் கிடைக்கமாட்டார், புத்தகத்தைப் பாருங்கள், எத்தனை கப்பல் என்னுடன் ஏறியிருக்கிறார் என்று. தலைவர் பக்கங்களைத் திருப்பினார். முதல் இரண்டு மாதப் பெயர்களை விரலால் தொட்டு எண்ணினார். பிறகு திருப்பிக்கொண்டே போனார். கோடு, கோடு, பிறகு இளம் அதிகாரியின் பெயர், மறுபடி கோடு. "தொடக்கத்தில் சில கப்பல்கள் ஏறியிருக்கிறார். பிறகு ஆர்வம் குறைந்துவிட்டது போல" என்றார். அவர் குரலில் ஒரு வஞ்சகமும் இல்லை. பெரிய பைலட் எழும்பிவந்து குனிந்து பார்த்தார். "இல்லை, எல்லாத்திலும் வந்தவர்" என்றார். "ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள்தானே ஒப்பமிட்டிருக்கிறீர்கள்?" என்று தலைவர் மெதுவாகக் கேட்டார். அதற்கு மேல் அவர் என்ன சொல்வார்? பொய்யாக ஒப்பமிட்டேன் என்று சொன்னால் இரண்டு வருடத்துக் கப்பல்களும் கேள்விக்குள்ளாகும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு யன்னலால் விறாந்தையில் இருந்த அத்தானைப் பார்த்தார். நான் வெறும் கோப்பைகளை அடுக்கினேன். அவர் போய்த் தன் கதிரையில் இருந்தார், மறுபடி வாய் திறக்கவில்லை.

இளம் அதிகாரிக்கு நியமனம் கிடைத்தது. தகுதி பார்த்துத்தான் கொடுத்தார்கள், பதிவின்படி அவர்தான் தகுதி.

வீட்டுக்கு ஆட்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல் வந்தார்கள். "தமிழனுக்குக் குடுப்பாங்களோ?" என்றார் பக்கத்து வீட்டு மாஸ்டர். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி இடங்குடான் எண்டது இதுதான். அந்தப் பெரிய பைலட் உள்ளுக்குள்ள வாயே திறக்கேல்லையாம்." நான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றேன். பூசாரி யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஊரே ஒரு காரணத்தைக் கையில் வைத்திருந்தது. அது ஆயிரம் இடத்தில் உண்மையான காரணம். ஊரில் எத்தனை பேரின் கோவைகள் அதனால்தான் தூசி பிடித்துக் கிடந்தன. அந்தப் பெரிய உண்மைக்குப் பின்னால் நான் போய் ஒளிந்துகொண்டேன். தாராளமாக இடம் இருந்தது.

அத்தான் பெரிய பைலட்டுடன் பிறகு கடலுக்குப் போகவில்லை. மிதவைகளையும் விளக்குகளையும் பராமரிக்கிற பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். கந்தோரில் எதிர்ப்பட்டால் "குட் மோர்னிங் சேர்" என்பார். பெரிய பைலட்டும் தலையசைப்பார். மச்சான் என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை. நானா என் யன்னலுக்குக் கீழே வந்து, "ரெண்டு பேரும் இப்பிடிக் கிடந்தா நான் ஆரோட தேத்தண்ணி குடிக்கிற?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டுப் போனார். அவர் நியாயத்தை அவர் கேட்டார். வருடக் கடைசியில் பெரிய பைலட் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போனார். பிரியாவிடைத் தேநீருக்கு அத்தான் வரவில்லை, மிதவை ஒன்று அறுந்துபோனதாகச் சொன்னார். எனக்குத் தெரிய அன்று ஒரு மிதவையும் அறுந்துபோகவில்லை.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல எத்தனையோ தரம் வாய் எடுத்தேன். சோறு போட்டுக் கொடுக்கும்போது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது, மூத்த பிள்ளை கனடா போன அன்றைக்கு. பெயரை எழுதியிருந்தாலும் வேறு ஏதாவது சொல்லி மறுத்திருப்பார்கள் என்று மனம் எனக்காக வாதாடும். மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் அது அவர்களுடைய அநியாயம் என்று உறுதியாகத் தெரிந்திருக்கும். கொடுத்திருந்தால் அத்தான் பைலட். இரண்டில் எது நடந்திருக்கும் என்பதே ஒருவருக்கும் தெரியாமல் போனது என்னால்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அந்தக் குரங்கோடு ஒரே வீட்டில் இருபது வருடம் சோறு தின்றவள் நான்.

சண்டை முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் கோணேசர் கோயிலையும் வெந்நீர்க் கிணறுகளையும் பார்க்க வந்தார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வாசல் படலையில் ஒரு வாடகை வான் வந்து நின்றது. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு பெரிய பைலட் இறங்கினார். வயிறு வற்றி, கையில் தடி பிடித்திருந்தார். அத்தான் எழும்பிப் போய் அவருடைய மற்றக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார். இருவரும் ஆங்கிலமும் சிங்களமும் கலந்துதான் பேசினார்கள். முழங்கால், சீனி வருத்தம், பிள்ளைகள், நானா மௌத்தாகிப்போனது. நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டத்தோடு நான் வாசலுக்கு வந்தபோது கிழவர் கேட்டார்.

"மச்சான், ஒண்டு கேக்கவேணும் எண்டுதான் வந்தனான். செத்துப்போக முதல் கேக்கவேணும். ஏன் புத்தகத்தில பேரைப் போடவேண்டாம் எண்டு சொன்னனீர்? நான் உம்மைக் காட்டிக்குடுப்பன் எண்டு நினைச்சனீரோ?"

அத்தானுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன புத்தகம்?" என்றார். கிழவர் விளக்கினார். இரண்டு மாதம் பெயர், பிறகு எல்லாம் கோடு, அடியில் என் ஒப்பம், நான் என்ன சொல்ல ஏலும் என்று. அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தவர், மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருபது வருடமும் ஒவ்வொன்றாக இடம் மாறுவதைக் கண்டேன்.

பிறகு அவர் கிழவரின் பக்கம் திரும்பினார்.

"ஓம் மச்சான். நான்தான் போடவேண்டாம் எண்டு சொன்னனான். அந்த நேரம் எனக்கு ஒருத்தரிலையும் நம்பிக்கை இருக்கேல்லை."

"என்னிலையுமோ?"

"உம்மிலையும்தான்."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பிடித்தான் நினைச்சன்" என்றார். நான் இருந்த இடத்திலிருந்து வாய் திறக்க ஒரு சொல் போதும், நான்தான் என்ற ஒரு சொல். கோப்பையை அவர் கையில் கொடுத்தேன். சீனி போடவில்லை என்று சொன்னேன். அவர் பாதி குடித்துவிட்டு வைத்தார். போகும்போது படலையில் நின்று, என்னைப் பார்த்துத் தன்னுடைய உடைந்த தமிழிலேயே, "அவர் நல்ல பைலட்" என்றார். வான் போன பிறகு அத்தான் கதிரையை உள்ளே எடுத்து வைத்தார். அன்றைக்கும், அதற்குப் பிறகும், அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

பெரிய பைலட் அடுத்த வருடமே காலமானதாக மகன் அறிவித்தார். அத்தான் போன ஆவணியில் போனார். ஒரு வருடமாக இதை எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் போன கிழமைதான் முடித்தேன். முடித்ததும் அக்காவிடம் கொடுத்தேன். மற்றவர்கள் வாசிக்க முதல் அவள் வாசிக்கவேண்டும், என்னை ஏசவேண்டுமென்றால் ஏசட்டும் என்று. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பின்னேரம் முழுவதும் வாசித்தாள். முடித்துவிட்டுத் தாள்களைத் தட்டி நேராக்கினாள்.

"வான் வந்துபோன அண்டைக்கே எனக்குச் சொன்னவர்" என்றாள். "உன்னட்டக் கேக்கவேண்டாம் எண்டும் சொன்னவர்."

அவள் மறுபடி முதல் தாளை எடுத்துப் பார்த்தாள், கடைசித் தாளையும் பார்த்தாள்.

"அதுசரி, இவ்வளவும் எழுதியிருக்கிறாய். இதிலையும் அவரின்ர பேரை ஏன் போடேல்லை?"

"போடுறன் அக்கா" என்றேன். தாள்களை வாங்கிக்கொண்டு மேசையில் இருந்தேன். பேனையைத் திறந்தேன். இது அச்சாகி யார் யார் கைக்குப் போகுமோ, எவர் இருந்து வாசிப்பாரோ என்று ஒரு யோசனை வந்தது. இன்னும் போடவில்லை.